கேனபியை மூடிய பிறகு என்ன தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

மாதிரி விமானம் ஒட்டுவதைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காக்பிட்டைப் பற்றித்தான். இறக்கை, சக்கரம், வெடிகுண்டு எதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. விமானி உட்காரும், கேனபி என்ற கண்ணாடிக் கூரை மேலே மூடும் அந்தச் சின்னப் பொந்துதான் எல்லாரையும் தூங்கவிடாமல் செய்கிறது. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பார்த்துவிடுவோம்.

அண்ணா, முதல்முறையாக ஸ்பிட்ஃபயர் (பழைய பிரிட்டிஷ் போர் விமானம்) கிட் ஒன்று 1/72 அளவில், அதாவது அசலில் 72-இல் ஒரு பங்காக, வாங்கியிருக்கிறேன். காக்பிட்டுக்கு ஒரு இருக்கை, விமானம் ஓட்டும் கோல் ஒன்று, கருவிப் பலகைக்கு ஒரு டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் படம்), அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார்கள். ஃபோட்டோ எட்ச் செட் இல்லாமல் கிட்டைத் தொடவே கூடாது என்கிறான் நண்பன். செட் விலை கிட் விலையைத் தொடுகிறது. வாங்கவா?
*– ஈசூன் வாசகர்*

வாங்காதீர்கள் தம்பி. அந்தக் காசுக்கு இன்னொரு கிட் வாங்குங்கள்.

ஃபோட்டோ எட்ச் என்றால் தெரியாதவர்களுக்கு: மெல்லிய பித்தளைத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து எடுத்த நுண்ணிய பாகங்கள். பெல்ட், பக்கிள், லீவர், சில செட்டுகளில் வண்ணம் அச்சிட்ட கருவிப் பலகையும் இருக்கும். அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உடல் பகுதி இரண்டையும் ஒட்டாமல் டேப் போட்டுச் சேர்த்து, காக்பிட் பாகங்களை உள்ளே வைத்து, மேலே கேனபியை உட்காரவைத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். டார்ச் அடித்தே பாருங்கள். என்ன தெரிகிறது? இருக்கையின் மேல்பகுதி, தோளில் விழும் பெல்ட், குறிபார்க்கும் கண்ணாடி, கருவிப் பலகையின் மேல் விளிம்பு. அதற்குக் கீழே எல்லாம் இருட்டு. தெரிந்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் வேலைப் பட்டியல். தெரியாததைச் செய்வதும் செய்யாததும் உங்கள் மனச்சாட்சிக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள விஷயம், எனக்கு அதில் கருத்து இல்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். அசல் விமானத்தில் பெரிய கருவி ஒன்றின் முகம் சுமார் 8 சென்டிமீட்டர் அகலம். 72-ஆல் வகுத்தால் 1.1 மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னது. ஸ்பிட்ஃபயரில் இப்படி ஆறு கருவிகள் நடுவே ஒரே தட்டில் இருக்கும்: மேல் வரிசையில் வேகம், செயற்கைத் தொடுவானம், ஏறும் வேகம், கீழ் வரிசையில் உயரம், திசை, திருப்பம். அந்த ஆறும் ஆறு வட்டமாகத் தெரிந்தாலே பார்ப்பவர் மனம் மீதியைப் போட்டுக்கொள்ளும். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்க யாரும் வரப்போவதில்லை. வந்தால் அவருக்குக் கோப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிட்டில் தரை இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். அசல் ஸ்பிட்ஃபயரிலேயே தரை என்று முழுசாக ஒன்று கிடையாது. விமானி பாதம் வைக்க இரண்டு தடம் மட்டும் உண்டு, கீழே எதாவது விழுந்தால் உடம்பின் அடிவயிற்றுக்கே போய்விடும்.

நிறத்துக்கு வருவோம். உட்சுவர் பிரிட்டிஷ் சாம்பல்-பச்சை, கருவிப் பலகை கறுப்பு. இருக்கைக்குப் பலரும் அதே பச்சையை அடித்துவிடுகிறார்கள். முதலில் வந்தவற்றில் அது உலோக இருக்கை, பச்சைதான். பிறகு வந்த பலவற்றில் பிசினில் அழுத்திச் செய்த இருக்கை, செங்கல்லும் சாக்லேட்டும் கலந்த மாதிரி ஒரு பழுப்பு. முதுகு சாயும் இடத்தில் கறுப்புத் தோல் மெத்தை. பச்சைச் சுவருக்கு நடுவில் இந்தப் பழுப்பு இருக்கை ஒன்று போதும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண் நின்றுவிடும். 40 பித்தளைத் துண்டுகளை ஒட்டினாலும் இந்த ஒரு நிற வித்தியாசம் தரும் பலன் வராது.

முக்கியமான ஒன்று மிச்சம் இருக்கிறது. புட்டியில் உள்ள பச்சையை அப்படியே அடித்தால் மூடிய கேனபிக்குள் அது கிட்டத்தட்ட கறுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே போகிற வெளிச்சம் அவ்வளவு குறைவு. அதனால் முதலில் உட்பக்கம் முழுவதும் கறுப்பு அடித்துவிட்டு, பச்சையோடு கொஞ்சம் வெள்ளை சேர்த்து வெளிறவைத்து, மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் அடியுங்கள். மூலைகளிலும் இடுக்குகளிலும் கறுப்பு தங்கட்டும். பெரிய பொருளில் நிழல் தானாக விழும், இந்த அளவில் அதை நாம்தான் வரைய வேண்டும். ஏர்பிரஷ் இல்லாவிட்டால் பிரஷ்ஷிலேயே செய்யலாம், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக.

ஈசூனில் இருந்துகொண்டு ஸ்பிட்ஃபயர் செய்கிறீர்கள், அதனால் ஒரு தகவல்: பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகத் தாக்குதலுக்குப் பறந்தது ஐரோப்பாவில் இல்லை, நம் சிங்கப்பூரின் தெங்கா விமானத்தளத்திலிருந்துதான். 1951 ஜனவரி 1, 60-ஆம் ஸ்குவாட்ரன், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலத்தில். படமெடுக்கும் ரக ஸ்பிட்ஃபயர் ஒன்று 1954 ஏப்ரல் 1 அன்று செலேத்தாரிலிருந்து கடைசி முறை கிளம்பியது. அடுத்த கிட் அந்த வகைகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் தெங்காவில் இருந்த 18-ஆம் மார்க் ரகத்துக்குக் குமிழி மாதிரி கேனபி, உள்ளே இன்னும் கொஞ்சம் தெரியும். அப்போது பெல்ட்டுக்காவது செலவு பண்ணலாம்.

என் மகனுக்கு 14 வயது. 1/48 ஸீரோ (பழைய ஜப்பானியப் போர் விமானம்) செய்கிறான். கருவிப் பலகையில் ஒவ்வொரு வட்டமாக வெள்ளை தீட்டப் பார்த்து மூன்று முறை அழித்துவிட்டான், அழுகையே வந்துவிட்டது. உள்ளே அடிக்கும் நிறத்திலும் குழப்பம். ஒருவர் பளபளக்கும் நீலம் என்கிறார், ஒருவர் பச்சை என்கிறார்.
*– தெம்பனிஸ் வாசகி*

அக்கா, தம்பியிடம் சொல்லுங்கள், வட்டத்துக்குள் தீட்டுகிற வேலையே வேண்டாம் என்று. பிளாஸ்டிக்கில் வட்டங்கள் ஏற்கெனவே மேடாக வார்க்கப்பட்டிருக்கின்றன. நாம் அந்த மேட்டைத் தொட்டால் போதும்.

எப்படி என்று ஆற அமரச் சொல்கிறேன். பலகை முழுவதும் கறுப்பு அடிக்க வேண்டும். சுத்தக் கறுப்பு வேண்டாம், டயர் நிறம் என்று விற்கிற கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பு நல்லது. ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் பழைய தட்டைப் பிரஷ் ஒன்றை எடுத்து, நுனியில் மட்டும் வெளிர் சாம்பல் பெயிண்டைத் தொட்டு, உடனே டிஷ்யூ தாளில் துடைக்கட்டும். இன்னும் துடைக்கட்டும். பெயிண்டே இல்லையே என்று அவனுக்குத் தோன்றும் வரை துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தில் தேய்த்துப் பார்க்கட்டும். நகத்தில் புகை படிந்த மாதிரி லேசாக ஒரு சாயல் வந்தால் அதுதான் பதம். பட்டையாகக் கோடு விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி டிஷ்யூ. பதம் வந்ததும் பலகையின் குறுக்கே விளக்குமாறு பெருக்குகிற மாதிரி லேசாக இருபது தடவை ஓட்டட்டும். முதல் ஐந்து தடவை ஒன்றுமே தெரியாது. பத்தாவதில் வட்டத்தின் விளிம்புகள் ஒவ்வொன்றாக மேலே வரும், பையன் முகத்தைப் பாருங்கள் அப்போது! இதற்கு டிரை பிரஷ் என்று பெயர். இந்தப் பொழுதுபோக்கில் நான் கற்ற வித்தைகளில் காசே செலவில்லாதது இதுதான்.

பிறகு பல்குத்தும் குச்சியின் முனையைச் சீவி, சிவப்பிலும் மஞ்சளிலும் இரண்டு மூன்று பொட்டு, பொத்தான்கள் மேல். மூன்றுக்கு மேல் வேண்டாம், பலகை தீபாவளி லிட்டில் இந்தியா மாதிரி ஆகிவிடும். எல்லாம் காய்ந்ததும் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பளபளப்பான கிளியர், அதாவது நிறமில்லாத வார்னிஷ், ஒரு சொட்டு. தாமியா நிறுவனத்தின் எக்ஸ்-22 இருந்தால் அது போதும். சொட்டு காய்ந்தால் கண்ணாடி போட்ட கருவியாகவே தெரியும்.

கிட்டோடு டெக்கல் வந்திருந்தால் அதையும் பயன்படுத்தலாம். மேடுள்ள பலகையில் டெக்கலை முழுத் துண்டாகப் போட்டால் கூடாரம் அடித்த மாதிரி நிற்கும், அதனால் டெக்கலை இளக்கும் திரவத்தைத் தடவுங்கள். தடவியதும் சுருங்கி அசிங்கமாகும். அந்த நேரத்தில் கை வைக்கக் கூடாது. அடுத்த அறைக்குப் போய்விடச் சொல்லுங்கள். அரை மணி கழித்துத் தானே படிந்திருக்கும். பொறுமையில்லாமல் தொட்டுக் கிழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நிறச் சண்டைக்குத் தீர்ப்பு: பச்சை. நீலம் என்கிறவரும் காற்றில் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க ஆஒடகே என்ற ஒளிபுகும் நீலப்பச்சை அரக்கை உடலின் உட்புறங்களில் பூசினார்கள். விமானி உட்காரும் இடம் வேறு, அங்கே மங்கிய பச்சை. தாமியா எக்ஸ்எஃப்-71 இதற்கென்றே வருகிறது. மிட்சுபிஷி செய்ததற்கும் நகாஜிமா செய்ததற்கும் பச்சையில் சாயல் மாறும். அந்த ஆராய்ச்சியைப் பையன் 20 வயதில் பண்ணிக்கொள்ளட்டும்.

சீட் பெல்ட்டை வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய முடியுமா?
*– ஜூரோங் வெஸ்ட் வாசகர்*

தாராளமாக. ஆனால் எதை எடுத்தாலும் அதன் தடிமனைப் பாருங்கள். சாதாரண அச்சுத் தாள் 0.1 மில்லிமீட்டர். 1/48-இல் அது அசலில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஆகிறது. அது பெல்ட் இல்லை, மரப்பலகை. சமையல் அலுமினியத் தாள் அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது, அதனால் இருக்கை மேல் போட்டு ஈரமான பஞ்சுக் குச்சியால் அழுத்தினால் துணி மாதிரியே வளைந்து விழும். ஒயின் பாட்டில் கழுத்தில் வரும் மெல்லிய தகடு கிடைத்தால் இன்னும் நல்லது, மடித்த இடத்தில் மடிந்தபடியே நிற்கும். நான் பெரும்பாலும் மாஸ்கிங் டேப்பைத்தான் பயன்படுத்துகிறேன். கொஞ்சம் தடிப்புதான், ஆனால் பெயிண்டை நன்றாகப் பிடிக்கிறது, அதுவே ஒட்டிக்கொள்கிறது.

அகலம்: அசல் பெல்ட் 45 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1/48-இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1/72-இல் 0.6. புது பிளேடு, இரும்பு ஸ்கேல். பழைய பிளேடால் வெட்டினால் ஓரம் பிசிறும். பக்கிளுக்குச் செத்துப்போன சார்ஜர் வயரைப் பிரியுங்கள், உள்ளே தலைமுடி மாதிரி செம்புக் கம்பி எத்தனையோ இருக்கும். ஒரு கம்பியைச் சின்னச் சதுரமாக மடக்கி பெல்ட் மேல் வைத்தால் பக்கிள். மடக்கக் கஷ்டமாக இருந்தால் விடுங்கள், வெள்ளிநிறப் பெயிண்டில் ஒரு கோடு போதும்.

பெல்ட்டை இருக்கையில் நேராக, சமச்சீராக ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் இருக்கையிலிருந்து வழிந்து தொங்கட்டும், இன்னொன்று முறுக்கிக்கொள்ளட்டும். மனிதன் எழுந்து போன இருக்கை அப்படித்தான் இருக்கும். நிறம் பழைய பிரிட்டிஷ் விமானத்துக்கு மங்கிய காக்கி. வெள்ளை அடித்தால் கண்ணை உறுத்தும்.

கேனபி ஒட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை, உட்பக்கம் வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. துடைக்கவும் முடியவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தாலா?
*– உட்லண்ட்ஸ் வாசகர்*

சூப்பர் குளூ போட்டீர்களா? போட்டிருப்பீர்கள்.

அந்தப் பசை ஈரம் பட்டால்தான் இறுகும். இறுகும்போது கொஞ்சம் ஆவியாகப் பறக்கும், அந்த ஆவி அருகில் உள்ள கண்ணாடியிலோ, நீங்கள் கைரேகை வைத்த இடத்திலோ போய் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். திறந்த இடத்தில் ஆவி கலைந்துபோகும். மூடிய காக்பிட்டில் எங்கே போகும்? நம் ஊரில் காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். ஆக ஈரத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் குற்றவாளி பசைதான்.

எனக்கு இது நடந்திருக்கிறது. நண்பரின் ஓய்வுபெறும் விழாவுக்கு ஒரு விமானம் செய்துகொண்டிருந்தேன், மறுநாள் கொடுக்க வேண்டும். குறிபார்க்கும் கண்ணாடியையும் பெல்ட்டையும் ராத்திரி பத்து மணிக்குச் சூப்பர் குளூவில் ஒட்டிவிட்டு, பதினொன்றுக்குக் கேனபியை மூடினேன். கேனபிக்கு வெள்ளைப் பசைதான் போட்டேன், அதில் தப்பில்லை. காலையில் பார்த்தால் உள்ளே மார்கழிப் பனி. பிளேடை விட்டு நெம்பியதில் முன்கண்ணாடியில் விரிசல். விழாவில் கேனபி இல்லாமல் கொடுத்தேன். பராமரிப்பில் இருக்கிற விமானம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பினாரா தெரியவில்லை, இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார்.

ஆகவே: கேனபிக்குக் கைவினைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை. காய்ந்தால் தெரியாது, அதிகமானால் ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம், பின்னால் திறக்க வேண்டி வந்தால் திறக்கலாம். காக்பிட்டுக்குள் சூப்பர் குளூ போட வேண்டிய கட்டாயம் இருந்தால் போடுங்கள், ஆனால் மூடுவதற்கு முன் ஒரு முழு இரவு மின்விசிறிக் காற்றில் விடுங்கள். கண்ணாடிப் பாகத்தை ஒட்டும் முன்பே பளபளப்பு கிளியரில் முக்கி, ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றி, டப்பாவால் மூடிக் காயவைப்பதும் நல்ல காப்பு. உங்களுக்கு இப்போது படிந்தது மெல்லியதாக இருந்தால் கேனபியைக் கழற்றி, பாலிஷ் போடும் பசையால் உட்பக்கம் தேய்த்து, மேலே கிளியர் ஒரு கை அடியுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

இடுக்குகளில் நிழல் விழ எனாமல் வாஷ் (தின்னரில் நீர்த்த பெயிண்ட்) ஊற்றினேன். அரை மணியில் காக்பிட்டின் பக்கவாட்டுப் பெட்டி இரண்டாக வெடித்துவிட்டது. பிளாஸ்டிக் மட்டமா?
*– புக்கிட் பாஞ்சாங் வாசகர்*

பிளாஸ்டிக்கைத் திட்டாதீர்கள். எனாமல் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கின் இடுக்கில் போய்த் தேங்கினால், அதுவும் அந்தப் பாகம் இறுக்கமாக ஒட்டப்பட்டு இழுபட்டுக்கொண்டிருந்தால், அது பிளந்துவிடும். பெயிண்டும் அதன் மேல் கிளியரும் முழுசாகப் போர்த்தியிருந்தால் இது நடக்காது. அடியில் பெயிண்ட் படாத ஓட்டை, ஒட்டும் முனை இவற்றைத்தான் தின்னர் தேடிப்போகும். கிளியர் போட்டு, ஒரு நாள் விட்டு, வாஷைக் குளமாகக் கொட்டாமல் பிரஷ் முனையால் மூலையைத் தொட்டு மட்டும் விடுங்கள், தானே ஓடிப் பரவும். மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். வெடித்ததைப் பிளாஸ்டிக் சிமெண்டால் ஒட்டி மறுபடி பெயிண்ட் அடியுங்கள், பக்கவாட்டுப் பெட்டி மூடினால் பாதிதான் தெரியும்.

1980களில் தெங்காவில் தேசிய சேவை செய்தேன். அப்போது பார்த்த இரட்டை இருக்கை ஸ்கைஹாக் ஜெட் போர் விமானத்தைச் செய்து பேரனுக்குக் கொடுக்க ஆசை. கடையில் கிடைக்கும் இரட்டை இருக்கை கிட் என் நினைவோடு ஒத்துப்போகவில்லை. என் நினைவு தப்பா?
*– அங் மோ கியோ வாசகர்*

உங்கள் நினைவு சரி ஐயா, கிட்தான் வேறு விமானம். அமெரிக்கர்களின் டிஏ-4 இரட்டை இருக்கைக்கு நீளமாக ஒரே கேனபி. நம்முடையது அப்படி இல்லை. ஒற்றை இருக்கை உடலை நீட்டி, பின்னால் இன்னொரு காக்பிட்டைச் செருகி, ஆளுக்கொரு தனிக் கேனபி கொடுத்தார்கள். பின்னால் இருப்பது கொஞ்சம் உயரம். ஒட்டகத்துக்கு இரண்டு திமில் மாதிரி. சிங்கப்பூரின் டிஏ-4எஸ் மட்டும்தான் இந்த உருவம். ஆகவே அசல் கிட் கிடைக்காவிட்டால் ஒரே நிறுவனத்தின் ஒற்றை இருக்கை கிட் இரண்டு வாங்குங்கள், இரண்டாவதிலிருந்து கேனபி, இருக்கை, காக்பிட் தொட்டி, அதைச் சுற்றியுள்ள உடல் துண்டு எல்லாம் கிடைக்கும். வெட்டி நீட்டுவது லேசான வேலை இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகாமல் இருக்க, முதலில் ஒற்றை இருக்கை ஒன்றை முழுசாகச் செய்து கை பழகிக்கொள்ளுங்கள். அதுவும் நம் விமானம்தானே. இன்ஜினை எஃப்404-க்கு மாற்றிய ஏ-4எஸ்யூவைத்தான் 1990-இல் பிளாக் நைட்ஸ் சாகசக் குழுவினர் ஓட்டினார்கள்.

காக்பிட் நிறம் அடர்த்தியான சாம்பல், அமெரிக்கத் தர எண் 36231. மிஸ்டர் ஹாபி பெயிண்டில் எச்317. பலகையும் பக்கவாட்டுப் பெட்டிகளின் மேல்தட்டும் கறுப்பு. மேலே சொன்ன அதே கதைதான், சாம்பலைக் கொஞ்சம் வெளிறவைத்து அடியுங்கள். ஸ்பிட்ஃபயர் காலத்து விமானத்திலும் இதிலும் ஒரு பெரிய வித்தியாசம், ஜெட் விமானத்தில் இருக்கைதான் காக்பிட். வெளியே எறியும் இருக்கை உயரமாக, கேனபி வரைக்கும் எழும்பி நிற்கும், பலகை தெரியாவிட்டாலும் இருக்கையின் தலைப்பகுதி எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியும். அங்கே இழுக்கும் கைப்பிடியில் மஞ்சளும் கறுப்புமாக வரி இருக்கும். செம்புக் கம்பியை வளைத்து, முழுக்க மஞ்சள் அடித்து, கறுப்பு மார்க்கரால் நாலு கோடு போடுங்கள். உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை இருக்கைக்கே கொடுங்கள். இரண்டு இருக்கை என்பதால் இரண்டு மடங்கு.

ஸ்கைஹாக்குக்கு இன்னொரு சிக்கல்: மூன்று சக்கரத்தில் நிற்கும், முன்னே எடை இல்லாவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். உடலை மூடுவதற்கு முன் மூக்கிலும் காக்பிட் தொட்டியின் அடியிலும் மீன்பிடிக் கடையில் விற்கும் ஈயக் குண்டுகளை ஒட்டுங்கள். மூடிய பிறகு ஞாபகம் வந்தால் பிரயோஜனம் இல்லை. அதேபோல, பக்கச் சுவரில் எதையாவது ஒட்டித் தடிமனாக்கினால் உடல் இரண்டும் சேராது. ஒவ்வொரு துண்டு ஒட்டியதும் டேப் போட்டு மூடிப் பார்த்துவிடுங்கள்.

படங்களுக்கு: தேசிய நூலகத்தில் 629.13 என்ற எண் வரிசையில் தேடுங்கள். பாய லேபாரில் விமானப்படை அருங்காட்சியகம் உண்டு, திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாங்கியில் நடக்கும் விமானக் காட்சியில் இன்றைய விமானங்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். முகாமில் வேலை செய்யும் மருமகனிடம் உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், உங்களுக்கே தெரியும்.

சில்லறைக் கேள்விகள்

*பொங்கோல்: வீவக அடுக்குமாடி வீட்டில் பாம் ஷெல்டருக்குள் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) உட்கார்ந்து ஏர்பிரஷ் அடிக்கலாமா? மனைவிக்கு வாடை பிடிக்கவில்லை.*
வேண்டவே வேண்டாம். சன்னல் இல்லாத அறையில் லாக்கர் தின்னர் வாடை உங்கள் நெஞ்சில்தான் இறங்கும், தீப்பிடிக்கும் பொருள் வேறு. சன்னலோரம், வெளியே குழாய் விடும் காற்றுறிஞ்சிப் பெட்டி, முகமூடி. காக்பிட் அளவுக்கு நீரில் கரையும் பெயிண்டும் ஒரு நல்ல பிரஷ்ஷும் போதும், வாடையும் இல்லை சண்டையும் இல்லை. மழை கொட்டும்போது லாக்கர் அடித்தால் வெள்ளை பூக்கும், அதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

*சிராங்கூன்: திருச்சிக்குப் போகும்போது தங்கை மகனுக்குப் பெயிண்ட் புட்டிகள் கொண்டுபோகலாமா?*
எனாமலும் லாக்கரும் தின்னரும் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருள். கிட், பிரஷ், டெக்கல் கொண்டுபோங்கள். பெயிண்டை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

*பிடோக்: வயது 67, கண்ணாடி போட்டும் 1/72 தெரியவில்லை.*
1/48-க்கு மாறுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியும் பக்கவாட்டிலிருந்து விழும் ஒரு விளக்கும் வாங்குங்கள். விளக்குதான் முக்கியம்.

*செங்காங், வயது 9: விமானியை உள்ளே உட்காரவைக்கலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்.*
வைக்கலாம் கண்ணு. விமானி உட்கார்ந்தால் இருக்கை மறைந்துவிடும், பெல்ட் செய்கிற வேலையும் உனக்கு மிச்சம், அப்பாவிடம் இதைச் சொல்லு. பிளாஸ்டிக் பொம்மை பாதி நேரம் உள்ளே பொருந்தாது, அதனால் பொம்மையை முழங்காலுக்குக் கீழே வெட்டித் தரும்படி அப்பாவிடம் சொல், அங்கே யாரும் பார்க்க முடியாது. கழுத்தையும் வெட்டி, தலையை லேசாக ஒரு பக்கம் திருப்பி ஒட்டு. விமானி நேராகப் பார்த்தால் பொம்மை, பக்கவாட்டில் பார்த்தால் ஆள்.